அல்ட்டன்ரோட் படத்தில் ஆறாவது ஆள்

இது என் கண்ணால் பார்த்தது, என் கையால் தொட்டது. கதை கட்டத் தெரிந்தவன் நான் இல்லை. முப்பத்தெட்டு வயது வரை எனக்கு எழுத்தே தெரியாது. என் மனைவி லியோபாதான் அடுப்படியில் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தாள். அவள் கற்றுக் கொடுத்த எழுத்தில் இதை எழுதுகிறேன். ஒரு வரிகூடச் சேர்க்கவில்லை. நேரம் எல்லாம் கடிகாரத்தில் பார்த்தது.

1946, நவம்பர் 12, செவ்வாய்க்கிழமை. போர் முடிந்து இரண்டாவது குளிர்காலம். ஹெஸ்ஸன் மலைப்பக்கத்தில் எங்கள் ஊர். நான் ஓட்மார் மாஸ்டரின் அச்சுப் பட்டறையில் சக்கரம் சுற்றுகிற கூலி.

அங்கே புத்தகம் அச்சாகாது. பழைய செப்புத் தகட்டுப் படங்கள்தான். இருநூறு முந்நூறு வருஷத்துக்கு முன்னால் யாரோ செதுக்கிய ஊர்ப் படங்கள். தேவாலயம், மதில், ஆறு, பாலம், மூலையில் ஊர்ப் பெயர். அமெரிக்க சிப்பாய்களுக்கு அது என்றால் உயிர். ஊர் பூரா இடிந்து கிடந்தது. இடியாத ஊரைக் காகிதத்தில் வாங்கிக் கொண்டு போனார்கள்.

வேலை இதுதான். தகட்டை அடுப்பு மேல் சூடாக்கி மையைத் தேய்க்க வேண்டும். துணியால் துடைத்து, கடைசியில் உள்ளங்கையால் துடைக்க வேண்டும். செதுக்கிய கோட்டுக்குள் மட்டும் மை நிற்கும். நனைத்த காகிதம், அதன் மேல் கம்பளி, பிறகு சக்கரத்தைச் சுற்றினால் உருளைக்கு நடுவே போய் வரும். தகட்டில் வலது பக்கம் இருப்பது காகிதத்தில் இடது பக்கமாக விழும். அதனால் செதுக்குகிறவன் ஊரையே மாற்றிப் போட்டுச் செதுக்க வேண்டும். மறந்து நேராகச் செதுக்கிவிட்டால் ஊர் திரும்பிக்கொள்ளும். அப்படித் திரும்பிப்போன ஊர்ப் படங்கள் எங்கள் அலமாரியில் நாலைந்து இருந்தன. மாஸ்டர் அதைக் காட்டிச் சிரிப்பார்.

அன்றைக்கு எடுத்த தகடு அல்ட்டன்ரோட். எங்கள் ஊரிலிருந்து காட்டு வழியாக முக்கால் மணி நடை. இப்போது அங்கே ஊர் இல்லை. முந்நூறு வருஷத்துக்கு முன் நடந்த நீண்ட போரில் எரித்துவிட்டார்கள். தேவாலயச் சுவர் ஒன்று மட்டும் நிற்கிறது. மிச்சமெல்லாம் முள். படம் செதுக்கியவன் ஊர் எரிந்து இருபது வருஷம் கழித்து வந்தவனாம். ஆள் இல்லாத ஊர் விலை போகாது என்று ஐந்து பேரை அவனே சேர்த்துவிட்டான் என்பார் மாஸ்டர். விதைக்கிறவன் ஒருவன், அரிவாள் வீசுகிறவர்கள் இருவர், குதிரைக்காரன் ஒருவன், பாலத்தில் ஒரு கிழவன்.

ஐந்து பேர். எத்தனையோ முறை அச்சடித்திருக்கிறேன். எனக்குத் தெரியும்.

லியோபா அன்று காலை அண்டை வீட்டு ஹெட்விக்கோடும் இன்னும் இரண்டு பெண்களோடும் காட்டுக்குப் போயிருந்தாள். பீச் என்கிற காட்டு மரத்தின் கொட்டை பொறுக்க, பிழிந்தால் எண்ணெய் வரும். ஒரு மூட்டை கொடுத்தால் ஆலையில் ஒரு குப்பி எண்ணெய் கொடுப்பார்கள். வீட்டில் கொழுப்பு என்று ஒரு துளி இல்லை. மூன்று மாதமாக இருமிக்கொண்டிருந்தாள். போக வேண்டாம் என்றேன். எண்ணெய் இல்லாத உருளைக்கிழங்கை இன்னொரு மாதம் நீங்களே தின்னுங்க என்று சிரித்துவிட்டுப் போனாள்.

மதியம் 1.50. முதல் அச்சை உரித்து எடுத்தேன்.

ஊருக்குள் போகிற பாதையில் ஒரு பெண் நின்றாள். முதுகில் மூட்டை.

எறும்பு அளவுதான். எப்போதும் இருந்ததோ என்று நினைத்தேன். மாஸ்டரிடம் காட்டினேன். அவருக்கு ஒரு கால் மரக்கால், முதல் உலகப் போரில் போனது. உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தார். மைத் திட்டு, தகட்டை நன்றாகத் துடை என்றார்.

துடைத்தேன். உள்ளங்கையில் சுருக் என்றது. ரத்தம். பழைய தகடு ஆயிரம் முறை தேய்ந்து வழுவழுவென்று இருக்கும். அது கையை வெட்டாது. புதிதாக உளி போட்ட கோடுதான் வெட்டும்... ஓரத்தில் செப்புப் பிசிறு நிற்கும்.

2.20. இரண்டாவது அச்சு.

பாதையில் பெண் இல்லை. தேவாலயத்துக்கு இடது பக்கம், கிணற்றுக்கு அருகே நின்றாள்.

மாஸ்டர் இந்த முறை பூதக்கண்ணாடியை எடுத்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பழைய அச்சு ஒன்றைக் கட்டிலிருந்து உருவிப் பக்கத்தில் வைத்தார். பழையதில் கிணறு இருந்தது. பெண் இல்லை.

"டேய் வைட், விளையாடுறியா?"

"நானா? என் கையில உளி பிடிக்கத் தெரியுமா மாஸ்டர்?"

"அதான பார்த்தேன். நீ பிடிச்சா கிணறே கோணிக்கும்."

சிரித்தார். ஆனால் மரக்காலால் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தார். பயம் வந்தால் அப்படித்தான் செய்வார்.

ஆறு மணிக்கு ஒரு சிப்பாய் வாங்க வருவான், பன்னிரண்டு பிரதி வேண்டும். தகட்டை மறுபடி அடுப்பு மேல் வைத்தேன். கைகழுவத் திரும்பினேன். அப்போது கேட்டது.

கிர்...

கிர்... கிர்...

செப்பில் உளி நடக்கிற சத்தம். அடுப்புப் பக்கமிருந்து. அங்கே யாரும் இல்லை. மாஸ்டர் ஜன்னலோரம். நான் தொட்டியடியில். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். சத்தம் நின்றது.

2.55. மூன்றாவது அச்சு. பெண் கிணற்றின் விளிம்பில் குனிந்திருந்தாள். பூதக்கண்ணாடியை நான் வாங்கிப் பார்த்தேன். தலைத்துணியைப் பிடரியில் முடிந்திருந்தாள். மேலங்கியின் முழங்கையில் ஒரு சதுர ஒட்டு. அந்த ஒட்டில் மட்டும் கோடுகள் வேறு திசையில் ஓடின.

அந்த ஒட்டை எனக்குத் தெரியும். என் பழைய கால்சட்டையைக் கிழித்து லியோபா போட்டது.

ஜன்னலுக்கு வெளியே மூடுபனி இறங்கியிருந்தது. எதிர் வீட்டுக் கூரை தெரியவில்லை.

3.30. நான்காவது அச்சு.

பெண் இல்லை. கிணற்று விளிம்பில் மூட்டை மட்டும் பாதி உள்ளே சரிந்து தொங்கியது. விளிம்பில் இரண்டு சின்னக் கோடுகள்... விரல்கள்.

கதவு திறந்தது. ஹெட்விக். தலைத்துணி முழுக்கப் பனி. மூச்சு வாங்கியது.

"வைட், லியோபா இங்க வந்தாளா?"

அவளே சொல்லிக்கொண்டு போனாள். ஒரு மணிக்கே பனி மூடியதாம். கிளம்பலாம் என்று கூப்பிட்டார்களாம். நீங்க போங்க, மூட்டை நிறையட்டும், பின்னாலேயே வரேன் என்று மரங்களுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தாளாம். காட்டின் ஓரத்தில் ஒரு மணி நேரம் காத்திருந்தார்களாம். எந்த இடம் என்று கேட்டேன்.

"அல்ட்டன்ரோட் சுவர் தாண்டி."

மாஸ்டர் என் கையில் கார்பைட் விளக்கைத் திணித்தார். கயிற்றுச் சுருளை எடுத்து என் தோளில் போட்டார். கடைசி அச்சை மடித்து என் சட்டைப் பையில் வைத்தார். ஈரம் காயவில்லை, மை ஒட்டும் என்று எப்போதும் கத்துகிற மனிதர்.

"சுவருக்கு நேரா பாதையில நில்லு. படத்துல எங்க இருக்கோ அங்க போ. நிக்காத."

ஹெட்விக் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வருவதாக ஓடினாள். நான் அதற்குக் காத்திருக்கவில்லை.

ஓடினேன். நாற்பத்தைந்து வயது, வயிற்றில் காலையில் குடித்த பார்லித் தண்ணீர். பாதி வழியில் விழுந்தேன். எழுந்து ஓடினேன். நாலரைக்கே இருட்டிவிட்டது. விளக்கு இரண்டு அடிக்கு மேல் காட்டவில்லை. அதற்கு அப்பால் வெள்ளைச் சுவர் மாதிரி பனி. லியோபா... லியோபா... என் குரலே என்னைத் தாண்டிப் போகவில்லை.

சுவர் கையில் தட்டுப்பட்டபோது என் கைக்கடிகாரத்தில் 4.40.

பாதைக்கு வந்து சுவரைப் பார்த்து நின்றேன். படத்தில் இருந்தபடி இடது பக்கம் போனேன். முள். இடுப்பளவு முள். கையால் பிய்த்தேன், காலால் மிதித்தேன். கல் இல்லை. விளிம்பு இல்லை. மூட்டை இல்லை. இருபது அடி போனேன், முப்பது அடி போனேன். திரும்பி வந்தேன்.

அப்போது கேட்டது.

"வைட்..."

மெல்லிய குரல். இருமல். எங்கிருந்து என்று தெரியவில்லை. பனியில் குரலுக்குத் திசை கிடையாது.

"லியோபா! எங்க இருக்க?"

"வைட்... இங்க."

இது வேறு பக்கம். வலது பக்கம். தெளிவாக, இருமல் இல்லாமல்.

படத்தைப் பிரித்தேன். விளக்கை ஒட்டிப் பிடித்தேன். விதைக்கிறவனைப் பார்த்தேன்.

இடது கையால் விதைத்தான்.

அரிவாள்காரர்களைப் பார்த்தேன். இரண்டு பேரும் இடது பக்கமிருந்து வீசினார்கள். எந்த ஊரிலும் அப்படி வீசுகிறவன் இல்லை. குதிரைக்காரனுக்கு வாள் வலது இடுப்பில்.

எனக்குப் புரிந்துவிட்டது. செதுக்கினவன் மாற்றிப் போட மறந்திருக்கிறான். படம் திரும்பியிருக்கிறது. ஊரே திரும்பியிருக்கிறது. கிணறு இடது பக்கம் இல்லை, வலது பக்கம். இத்தனை நாள் சக்கரம் சுற்றினேன், இதைப் பார்க்கவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டேன். அவள் செத்துக்கொண்டிருக்கிறாள், நான் தப்பான பக்கத்தில் முள் பிடுங்கிக்கொண்டிருக்கிறேன்.

வலது பக்கம் திரும்பினேன்.

பின்னால்... இடது பக்கமிருந்து... மண்ணுக்குள்ளிருந்து வருகிற மாதிரி...

"போகாதீங்க."

எரிந்த ஊரில் ஏதோ ஒன்று ஆளை ஏமாற்றிக் கூப்பிடும் என்று சின்ன வயதில் கேட்டிருக்கிறேன். திரும்பிப் பார்க்கக் கூடாது என்பார்கள்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"போகாதீங்க... வைட்..."

காதைப் பொத்திக்கொண்டு ஓடினேன்.

வலது பக்கம் முள்ளே இல்லை. நேராகப் பாதை மாதிரி இருந்தது. பத்தடியில் கிணறு. வட்டமான கல் விளிம்பு. பாசி இல்லை. புதிதாக வெட்டிய கல் மாதிரி ஒவ்வொரு ஓரமும் கூர்மையாக...

அப்போது அதை யோசிக்கவில்லை.

விளக்கை நீட்டினேன். உள்ளே லியோபா. ஆழம்கூட இல்லை. முகத்தை மேலே தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. கத்தவில்லை.

கயிற்றை விட்டேன். பிடித்தாள். இழுத்தேன்.

எடையே இல்லை. நனைத்த காகிதத்தைத் தகட்டிலிருந்து உரிக்கிற மாதிரி வந்தாள்.

கையைப் பிடித்தேன். ஐஸ். செப்பு நாற்றம்.

"அடி பட்டுதா?"

இல்லை என்று தலையை ஆட்டினாள்.

"மூட்டை எங்க?"

"வீட்டுக்குப் போகலாம்," என்றாள்.

5.25.

பாதி வழியில் ஹெட்விக்கும் ஆட்களும் எதிரே வந்தார்கள். ஹெட்விக் அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். எல்லோரும் பேசினார்கள். லியோபா பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் அடுப்பருகே உட்கார வைத்தேன். உருளைக்கிழங்குக் கஞ்சியைக் கொடுத்தேன். கரண்டியை எடுத்தாள்.

அந்த வெளிச்சத்தில்தான் மோதிரத்தைப் பார்த்தேன். எங்கள் பக்கத்தில் கல்யாணம் ஆனவர்கள் மோதிரத்தை வலது கையில்தான் போடுவோம். பதினான்கு வருஷமாக அவள் வலது கையில்தான் இருந்தது. மூட்டு வீங்கிப் போனதால் சோப்புப் போட்டாலும் கழற்ற வராது.

இப்போது இடது கையில் இருந்தது.

"ஏன் கை மாத்திட்ட?"

"எப்பவும் இதுலதான இருக்கு."

அதைச் சொல்லிவிட்டுக் கஞ்சியைக் குடித்தாள். அன்று ராத்திரி அவள் ஒருமுறைகூட இருமவில்லை. எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும். நான் விடிகிற வரை கண்ணை மூடவில்லை.

மறுநாள் புதன்கிழமை. காலை எட்டரைக்குப் பட்டறைக்குப் போனேன். மாஸ்டர் எழுந்து வந்து தோளைப் பிடித்துக் குலுக்கினார். சிப்பாயைத் திருப்பி அனுப்பிவிட்டாராம். நான் நடந்ததைச் சொன்னேன். படம் திரும்பிய படம், அதனால்தான் முதலில் தப்பான பக்கம் தேடினேன் என்றேன்.

மாஸ்டர் முகம் மாறியது.

"யார் சொன்னா திரும்பினதுன்னு?"

விதைக்கிறவன் கையைக் காட்டினேன். அவர் இல்லை என்று தலையாட்டினார். ஊரைச் செதுக்கினவன் ஒழுங்காக மாற்றிப் போட்டுத்தான் செதுக்கினான் என்றார். ஆட்களைத்தான் கடைசியில் சேர்த்தான். அவசரத்தில் நேராகச் செப்பிலேயே வெட்டிவிட்டான். அதனால் ஆட்கள் மட்டும் இடது கைக்காரர்கள். தெரியாதவர்கள் அதைப் பார்த்துப் படமே தப்பு என்பார்கள். அவருடைய அப்பா ஒருமுறை நில அளவை வரைபடத்தோடு வைத்துப் பார்த்திருக்கிறாராம். சுவர், பாதை, பாலம், எல்லாம் அப்படியே பொருந்தியதாம்.

"ஊர் சரிடா. ஆளுங்கதான் தப்பு. கிணறு இடது பக்கம்."

"நான் வலது பக்கத்துல இருந்துதான் தூக்கினேன் மாஸ்டர்."

"வலது பக்கம் பூரா பாறை. அங்க எவன் கிணறு வெட்டுவான்?"

தகட்டைச் சூடாக்கி ஒரு அச்சு எடுத்தோம். ஐந்து பேர். மூட்டை இல்லை, விரல் இல்லை. உள்ளங்கையால் துடைத்தபோது தகடு வழுவழுவென்று இருந்தது.

திரும்பக் காட்டுக்குப் போய்ப் பார்க்கத் தோன்றியதா என்று நீங்கள் கேட்கலாம். தோன்றியது. கதவு வரை போனேன். பிறகு நினைத்தேன்... என் மனைவி வீட்டில் அடுப்பருகே உட்கார்ந்திருக்கிறாள். யாரைத் தேடிப் போவது?

போகவில்லை.

குளிர்காலம் கடுமையாக இருந்தது. ஆற்றில் ஐஸ் பிடித்தது. ஊரில் எத்தனையோ பேர் செத்தார்கள். லியோபாவுக்கு ஒன்றும் வரவில்லை. குறைவாகப் பேசினாள். எனக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பதை நிறுத்திவிட்டாள். எழுதச் சொன்னால் கண் வலி என்றாள்.

மே மாதம் வனத்துறை ஆட்கள் விறகுக்காக அல்ட்டன்ரோட் முள்ளை வெட்டினார்கள். சுவருக்கு இடது பக்கம். பாதையிலிருந்து பதினைந்து அடி.

அழுகிய பலகை மூடிய கிணறு. பலகையில் ஒரு ஆள் போகிற அளவு ஓட்டை. மேலே முள் மூடியிருந்தது.

உள்ளே ஒரு பெண். ஊரில் காணாமல் போனவர்கள் யாரும் இல்லை. போரில் துரத்தப்பட்டு வந்த யாரோ என்று எழுதினார்கள்.

வனக்காவலர் ஒரு சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்தார். கிணற்றில் கிடந்த பெண்ணின் வலது கை விரலில் இருந்ததாம். உள்ளங்கையில் வைத்துக் காட்டினார். மோதிரம். எங்கள் வழக்கப்படி உட்புறத்தில் புருஷன் பெயரும் தேதியும் வெட்டியிருந்தது.

எனக்கு எழுத்துத் தெரியும்.

வைட். 14.5.1932.

"வைட்னு ஊர்ல நீங்க ஒருத்தர்தான். உங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

சமையலறையில் பாத்திரம் வைக்கிற சத்தம் கேட்டது. லியோபா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். வனக்காவலரும் அந்தப் பக்கம் பார்த்தார்.

"தெரியாது," என்றேன்.

அவர் நம்பினாரா என்று தெரியவில்லை. தொப்பியைப் போட்டுக்கொண்டார். வாசல்படியில் நின்று, விழுந்த உடனே செத்திருந்தால் பரவாயில்லை என்றார். அப்படி இல்லையாம். கிணற்றில் தண்ணீர் கணுக்கால் அளவுதான். அவளிடம் ஒரு மூட்டை பீச் கொட்டை இருந்திருக்கிறது. கிணற்றுக்குள் சுவரோரம் ஒரு கல் மேல், நனையாமல், உரித்த தோல் குவிந்து கிடந்ததாம்.

"பாதி மூட்டை தின்னுருக்கா. நாலு நாள்... அஞ்சு நாள் இருந்திருப்பா."

நான் விரல் விட்டு எண்ணினேன். புதன். வியாழன். வெள்ளி. சனி.

புதன்கிழமை காலை எட்டரைக்கு, கிணறு இடது பக்கம் என்று மாஸ்டர் என்னிடம் சொன்னபோது, அவள் உயிரோடு இருந்தாள்.